பீன்ஸுக்கு வந்த மவுசு

எங்கள் வீட்டு அடுப்பில் பீன்ஸ் வேகிறது என்றால் அன்றைக்கு விருந்தாளி யாரும் வரவில்லை என்று அர்த்தம். நான் கொடைக்கானலில் பையனாக இருந்த அறுபதுகளில் பீன்ஸ், காரட், முட்டைக்கோஸ், நூக்கல் எல்லாம் வீட்டு ஆட்கள் தின்பதற்கு மட்டும்தான். சம்பந்திக்காரர் வந்தால், பள்ளிக்கூட வாத்தியார் வந்தால், கத்தரிக்காய் வேண்டும், முருங்கைக்காய் வேண்டும். ஏழாயிரம் அடிக் குளிரில் இரண்டும் விளையாது. வத்தலக்குண்டிலிருந்து பஸ் கூரையில் ஏறி வரும் கூடைக்காக அம்மா மூஞ்சிக்கல்லில் காத்து நிற்பார். வாங்கிய அரைக் கிலோ கத்தரிக்காயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவார். கேட்பவர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்து மாளாது என்ற பயம்.

மதுரைக்குப் போனால் இந்த மரியாதையெல்லாம் தலைகீழாகிவிடும். அத்தை வீட்டுக்கு நாங்கள் சாக்கில் கட்டி எடுத்துப்போகும் பீன்ஸைப் பார்க்கத் தெருவே கூடும். அங்கே அது இங்கிலீஷ் காய். கல்யாணப் பந்தியில் பீன்ஸ் பொரியல் விழுந்தால் பெண் வீட்டார் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். அத்தை பீன்ஸை முறத்தில் கொட்டிவிட்டு, அதே சாக்கில் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் நிரப்பித் தருவார். ஊரில் மாடு தின்கிற சாமானைக் கொடுத்து நல்ல காய் வாங்கிவிட்டோம் என்று நாங்களும், எங்களைப் பற்றி அப்படியே அவர்களும் நினைத்துச் சந்தோஷப்பட்டோம். போக வர இரண்டு தடவையும் சாக்குக்கு லக்கேஜ் போட்டவர்களுக்குத்தான் உண்மையான லாபம்.

இப்போது நாயுடுபுரம் தாண்டி எங்கள் வீட்டுக்குப் போகிற சந்தில் ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. வாசலில் ‘தோட்டத்திலிருந்து தட்டுக்கு’ என்று மரப்பலகை. சாப்பாட்டு அட்டையில் பீன்ஸ்தான் முதல் வரிசை. உப்பும் வெண்ணெயும் மட்டும் சேர்த்து, தாளிக்காமல், தேங்காய் போடாமல், அரை வேக்காட்டில் கொடுக்கிறார்கள். எங்கள் அம்மா அப்படி ஒரு தட்டை அப்பா முன்னால் வைத்திருந்தால் வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது என்றுதான் அப்பா நினைத்திருப்பார். விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்பத்தா காதில் விழுந்தால் இன்னொரு தடவை செத்துப்போவாள்.

அப்பத்தாவுக்குப் பீன்ஸ் மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. தாத்தாவுக்குத் திதி கொடுக்கிற அன்று வாழைக்காய், பூசணி, அவரை, பாகல் மட்டும்தான் இலையில் ஏறும். “வெள்ளைக்காரன் காயப் போட்டா பெரியவுக வந்து மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாக” என்பாள். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். ஆனாலும் அவள் சொன்னதில் வரலாறு சரியாக இருந்தது. பீன்ஸ் முதன்முதலில் மனிதன் கைக்குப் பழகியது மெக்சிகோ பக்கத்திலும் ஆண்டிஸ் மலைகளிலும். அங்கிருந்து ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரன் தலையில் ஆங்கிலேயன் அதைக் கட்டி, பிரெஞ்சு பீன்ஸ் என்று பெயர் வைத்தான். பழனி மலைக்கு அது வெள்ளைக்காரர்களின் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

அவர்கள் இங்கே வந்ததே உயிர் பிழைக்க. மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளை குட்டிகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் மலை ஏறி, சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கத்திலிருந்து காட்டுப் பாதையில் கூலிகள் டோலியில் சுமந்து ஏற்ற வேண்டும். வந்து சேர்ந்தபின் சாப்பிட என்ன இருக்கிறது? மலைக் கிராமங்களில் சாமை இருந்தது, பூண்டு இருந்தது. துரைமார்கள் இரண்டையும் வைத்து எத்தனை நாள் சமாளிப்பார்கள். மதுரைக் கலெக்டர் வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து இந்த ஊருக்கு ஏரி உண்டாக்கினார். ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே குடியேறினார். பழ மரங்களையும் காய்கறி விதைகளையும் வரவழைத்த பெருமையும் அவருக்கே கொடுக்கப்படுகிறது. பங்களா கட்டினால் பின்கட்டில் காய்த் தோட்டம் என்பது அப்போது அழகுக்கு வைத்தது அல்ல. கீழேயிருந்து எதுவும் வந்து சேராது என்பதால் வைத்தது. மோட்டார் போகிற மலைச்சாலை 1916இல்தான் திறந்தது. அந்தச் சாலை வேலைக்குக் கல் உடைக்கப் பெரியகுளத்திலிருந்து வந்தவர்தான் எங்கள் தாத்தா. சாலை முடிந்தது. அதே சாலையில் இறங்கித் திரும்பிப் போக மறந்துவிட்டார்.

அவர் மகன், எங்கள் அப்பா, ஒரு மிஷனரி பங்களாவில் தோட்டக்காரர். ஏப்ரல், மே என்றால் சீசன். துரைமார்களும் துரைசானிமார்களும் சமவெளியிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அவர்கள் மேஜைக்குப் பிஞ்சு பீன்ஸ் தயாராக இருக்க வேண்டுமானால் மாசி பிறக்கும்போதே விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். மாசிக்கு முன்னால் போட்டால் உறைபனி கருக்கிவிடும். மண் சூடேறாமல் பீன்ஸ் விதை அசையாது. ஈரத்தில் கிடந்து ஊறி அழுகிப்போகும். அப்பா தினமும் காலையில் பாத்திக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். “இன்னும் தூங்குது” என்பார். ஒருநாள் “முழிச்சிருச்சு” என்பார். அன்றைக்குத்தான் குழிக்கு நாலு விதை. கொடி பீன்ஸ் என்றால் குழிக்கு ஒரு ஆள் உயரக் குச்சி.

துரைசானி கொடுத்த அமெரிக்க விதைப் பொட்டலத்தில் மிச்சம் விழுந்ததுதான் எங்கள் வீட்டுப் பின்கட்டில் முளைத்தது. கென்டக்கி ஒண்டர் என்று அந்த ரகத்துக்குப் பெயர். அப்பா வாயில் அது கெண்டைக்காரி. கெண்டைக்காரி வெட்கம் கெட்டவள். குச்சியைக் காட்டினால் போதும், ஏறிவிடுவாள். நான் ஒரு முறை கொடியை என் இஷ்டத்துக்குச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனேன். மறுநாள் அது பிரித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. மேலிருந்து பார்த்தால் பீன்ஸ் கொடி எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுற்றும். டார்வின் நோயாகப் படுத்திருந்த காலத்தில் அறையில் தொட்டிச் செடிகளை வைத்துக்கொண்டு, கொடிகள் எப்படிச் சுற்றுகின்றன என்று மணிக்கணக்காகப் பார்த்து, 1865இல் அதை நீண்ட கட்டுரையாக எழுதினார். அப்பாவின் விளக்கம் ஒரே வரி. “நாம சாமிய வலமா சுத்துவோம், இது இடமா சுத்தும். தொர வீட்டுக் காய்டா, வேற எப்பிடிச் சுத்தும்?”

சாயங்காலமானால் பீன்ஸ் அம்மாவின் பொறுப்பு. அந்தக் காலத்து பீன்ஸ் சற்று முற்றினால் நாரில் கயிறு திரிக்கலாம். இரண்டு முனையையும் கிள்ளி, இரண்டு பக்கமும் உரித்து, அப்புறம்தான் அரிவாள்மணை. ரேடியோவில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். முறத்தின் ஒரு ஓரத்தில் நார் மலை ஏறிக்கொண்டிருக்கும். நாரில்லாத பீன்ஸை நியூயார்க் மாகாணத்து லீராய் என்ற ஊரில் கால்வின் கீனி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே உருவாக்கிவிட்டார். 1894இல் பர்ப்பி கம்பெனி அதை விற்கவும் தொடங்கிவிட்டது. செய்தி எங்கள் அம்மாவுக்கு வந்து சேரப் பல வருஷம் பிடித்தது. இப்போது கடையில் வாங்குகிற செடி பீன்ஸில் நாரே இல்லை. ஹோம்ஸ்டேக்கு வருகிற சமையல் கலைஞர் ஒருவர் மட்டும் நார் உள்ள பீன்ஸ்தான் வேண்டும் என்று தேடினார். அதில்தான் பழைய ருசி இருக்கிறதாம். உரிக்கிற வேலைக்கு இரண்டு பெண்களைத் தினக்கூலிக்கு வைத்திருக்கிறார். அம்மா இருந்திருந்தால் அந்த வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றிருப்பார். ஆயுள் முழுக்கச் சும்மா செய்ததற்குப் பாக்கியையும் கேட்டிருப்பார்.

ருசியைப் பற்றிப் பேசினால் இந்த ஊரில் இன்னொரு பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் மருந்தே கிடையாது, எல்லாம் சாணியும் சாம்பலும்தான் என்ற பேச்சு. ஹோம்ஸ்டே தம்பி தன் விருந்தினர்களுக்கு இதைச் சொல்லும்போது சாட்சிக்கு என்னைக் கைகாட்டுவான். “ஐயாவக் கேளுங்க, அவுங்க அப்பா காலத்துல எல்லாமே ஆர்கானிக்தான்.” நான் தலையை ஆட்டுவேன். அது ஆமாம் என்ற ஆட்டலா இல்லை என்ற ஆட்டலா என்பது சென்னைக்காரர்களுக்குப் பிடிபடாது.

எங்கள் அப்பாவிடம் ஒரு பழைய காலுறை இருந்தது. துரை போட்டுக் கழித்த கம்பளிக் காலுறை. அதில் பாதி அளவுக்கு வெள்ளைத் தூளை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, இலைகளுக்கு மேலே பிடித்துக் குச்சியால் தட்டுவார். மாவு சலித்தாற்போல் தூள் இறங்கும். பி.எச்.சி. தூள், சில வருஷம் டி.டி.டி. மளிகைக் கடையில் சர்க்கரை கட்டுகிற அதே காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். அசுவினி, வண்டு, புழு எல்லாம் உதிரும். காற்று திரும்பினால் அப்பாவுக்கும் இரண்டு தும்மல். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு பீன்ஸைக் கிள்ளி, வாயில் போட்டு, முற்றிவிட்டதா என்று பதம் பார்ப்பார். விவசாயத்துக்கு டி.டி.டி. கூடாது என்று அரசு சொன்னது 1989இல். பி.எச்.சி.க்குத் தடை 1997இல். அதுவரை நாங்கள் தின்ற அமுதம் இதுதான். சாணியும் சாம்பலும் போட்டார்கள் என்பதும் பொய்யில்லை. தூள் வாங்கக் காசில்லாத மாதங்களில் போட்டார்கள். அந்த மாதங்களைத்தான் இப்போது எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நான் இன்று மருந்தடிக்காமல்தான் வளர்க்கிறேன். அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. வீட்டுத் தேவைக்கு நாலு வரிசை. புழு தின்றதுபோக மிச்சம் எங்கள் இரண்டு பேருக்குத் தாராளம். பூச்சிக்குப் பயப்படுகிற காலமெல்லாம் போய்விட்டது. இப்போது பயம் வேறு அளவில் வருகிறது.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு எதிரிகள் என்று பார்த்தால் முள்ளம்பன்றி, எலி, முக்கியமாகப் பக்கத்து வீட்டு ஆடு. வேலி என்று ஒன்று பேருக்கு இருந்தது. காட்டுமாடு பார்க்க வேண்டுமென்றால் பேரிஜம் பக்கம் காட்டுக்குள் போகிறவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். எங்களைப் போன்ற பையன்களைச் செண்பகனூரில் பாதிரிமார்கள் வைத்திருந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மிருகங்கள் பாடம் பண்ணப்பட்டு, கண்ணாடிக் கண்ணோடு, ஒழுக்கமாக நிற்கும். காட்டு மிருகம் என்றால் அப்படித்தான் நிற்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் காட்டுமாடு ஏழுரோடு சந்திப்பில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டாக்சிகளும் அது நகருகிறவரை காத்திருக்கிறார்கள். நன்றாக வளர்ந்த காளை என்றால் முக்கால் டன்னுக்குக் குறையாது, ஒரு டன்னையும் தொடும். எங்கள் பழைய வேலியை அது தாண்டவில்லை, உடைக்கவும் இல்லை. வேலி இருக்கிறது என்பதையே கவனிக்காமல் நடந்து உள்ளே வந்தது. பீன்ஸை நுனியிலிருந்து அடிவரை, குச்சியை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டுத் தின்றது. குழிப்பணியாரச் சட்டி மாதிரி பாத்தி முழுக்கக் குளம்பு. கல்லை விட்டெறியலாம் என்றால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் சமமான அந்தஸ்து. எனக்கும் என் பீன்ஸுக்கும் எந்த அட்டவணையிலும் இடமில்லை.

அதைக் குறை சொல்லவும் முடியாது. இந்த மலையின் மேல்பக்கமெல்லாம் ஒரு காலத்தில் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. சும்மா கிடக்கிற புல்லுக்கு என்ன வருமானம் என்று யோசித்த அரசாங்கம் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று மரம் வைத்தது. தோல் பதனிடப் பட்டை, ஆலைக்குக் கூழ் மரம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மரம் நடுவிழாவுக்கு எங்களை வரிசையாகக் கூட்டிப்போவார்கள், மிட்டாய் தருவார்கள். பைன் மரத்தடியில் ஊசி இலை மெத்தையாக விழும். அதில் புல் முளைக்காது. புல் போனால் புல் தின்கிறது எங்கே போகும்? பங்களாக்களில் வெட்டிச் சீவி வைத்த புல்தரை இருக்கிறது. அதற்குப் பின்னால் எங்கள் பாத்தி இருக்கிறது. நாங்கள் மிட்டாய் தின்றோம், அது பீன்ஸ் தின்கிறது. கணக்கு நேர்.

எனவே கூண்டு. மூஞ்சிக்கல் வெல்டிங் பட்டறையில் சொல்லி, இடுப்பளவு செங்கல் கட்டி, அதன்மேல் இரும்புக் கம்பம் நிறுத்தி, ஜி.ஐ. வலை அடித்தாயிற்று. குரங்குக்காக மேலேயும் வலை. பன்றி தோண்டாமலிருக்க அடியில் காங்கிரீட். ஒரு கதவு, அதற்குப் பூட்டு. இந்தச் செலவுக்கு இன்று சந்தையில் பீன்ஸ் வாங்கினால் எத்தனை வருஷம் சாப்பிடலாம் என்று என் மருமகன் கைபேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். என் ஆயுளைவிட அதிகமாக வந்தது. அதை அவன் சத்தமாகப் படிக்கவில்லை, நல்ல பையன்.

கூண்டுக்குள் நான் பீன்ஸ் பறிக்கிறேன். வெளியே காட்டுமாடு சுதந்திரமாக நடந்து போகிறது. அதைப் படம் பிடிக்கக் காரை நிறுத்துகிறவர்கள், அது போன பிறகு என் பக்கம் திரும்புகிறார்கள். ஒரு குழந்தை அப்பாவிடம் கேட்டது: “அந்தத் தாத்தாவை ஏன் உள்ள வச்சிருக்காங்க?” அப்பாக்காரருக்குப் பதில் தெரியவில்லை. பிஸ்கட்டை வலைக்குள் நீட்ட வந்த குழந்தையை இழுத்துக்கொண்டு போனார். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது காரட், பீன்ஸ், குடைமிளகாயை அடுக்கி விலங்கு உருவங்கள் செய்து வைக்கிறார்கள். ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. காய்கறி விலங்காக மாறுகிற காட்சியை எங்கள் சந்தில் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்.

கொடிக்குக் குச்சி வேண்டுமே, அது இன்னொரு கதை. அப்பா காலத்தில் வாட்டில் மரத்துக் கிளையை வெட்டிக்கொண்டு வருவார்கள்; கேட்பார் கிடையாது. இப்போது வாட்டில் அந்நிய மரம், அது ஒழிய வேண்டும் என்று நீதிமன்றத்திலிருந்து வனத்துறைவரை எல்லோரும் ஒருமனதாகச் சொல்கிறார்கள். 2013 முதல் சுற்றிலும் வனவிலங்குச் சரணாலயம். ஒழிய வேண்டிய மரத்தின் ஒரு கிளையை நான் ஒடித்தால் நான் உள்ளே போக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மட்டும் மரங்களெல்லாம் தாமாக வந்து வாசலில் விழுந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, சாலை இல்லை. குச்சி மட்டும் ஏராளம். மற்ற வருஷங்களில் வேறு மாநிலத்திலிருந்து பார்சலில் வருகிற, பச்சை பிளாஸ்டிக் பூசிய இரும்புக் கம்பிகள். பிளாஸ்டிக் பை கொண்டுவராதே என்று மலையடிவாரத்தில் காரை நிறுத்திச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் மூங்கில் ராஜமரியாதையோடு மேலே வருகிறது. 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் வேண்டும். பார்சல் வண்டிக்காரர் அதையும் வாங்கிவிடுகிறார்.

நிஜமாகவே மலையில் பீன்ஸ் விளைவிக்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் முருங்கை பீன்ஸும் சௌசௌவும். அவர்களுக்கு அன்றும் இன்றும் ஒரே கவலை, விலை. சித்திரை வெயிலில் சமவெளியில் பீன்ஸ் பூ முப்பது டிகிரியைத் தாண்டினால் உதிரத் தொடங்கிவிடும், அப்போது மலைக்காய்க்கு மதிப்பு. கிலோ நூறைத் தாண்டினால் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு வந்து இல்லத்தரசிகளின் கண்ணீரைப் படம் பிடிப்பார்கள். பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் கொடியிலேயே முற்றவிடுகிற மாதத்தில் மைக் வராது. அவர்கள் காய் லாரி ஏறி ஒட்டன்சத்திரம் போய், மூட்டை மூட்டையாக ஏலம் போய், பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. ஒரு பகுதி காய்கறிக் கடைக்காரர்களோடு மறுபடி மலை ஏறிக் கொடைக்கானலுக்கே வருகிறது. பூம்பாறைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இருக்கிற தூரத்தை அது நேராக வந்து பழக்கமில்லை. எங்கள் சந்து ஹோம்ஸ்டேயின் ‘தோட்டத்திலிருந்து தட்டுக்கு’ பீன்ஸ் எந்தச் சாக்கில் வருகிறது என்று எனக்குத் தெரியும். தோட்டத்திலிருந்துதான் வருகிறது, அதில் பொய் இல்லை. வழி கொஞ்சம் சுற்று, அவ்வளவே.

இப்படியிருக்கும்போது போன வருஷம் ஒரு பையன் வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள், அவன் அந்த வீட்டைக் கொடைக்கானலில் பிடித்துவிட்டான். வட்டக்கானல் பக்கம் கொஞ்சம் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். நல்ல பையன், வெயிலில் கறுத்து, கையில் காப்புக் காய்த்திருந்தது.

“ஐயா, உங்ககிட்ட பழைய விதை இருக்குன்னு சொன்னாங்க. பழனி மலையோட பாரம்பரிய பீன்ஸ்.”

இருந்தது. அப்பா செய்தபடியே இன்றும் செய்கிறேன். நல்ல கொடியில் அடியில் காய்க்கிற காயை விதைக்கென்று விட்டு, காய்ந்து சலசலக்கும்போது பறித்து, உரித்து, சாம்பல் கலந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி வைப்பது. பீன்ஸ் பூ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், தேனீ தயவு அதிகம் வேண்டாம். அதனால் அப்பன் எப்படியோ பிள்ளையும் அப்படியே. வருஷா வருஷம் விதைக்குக் கடைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லாத செடி. பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொட்டினேன். பழுப்பு நிறம், நீள விதை. அவன் அதைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது.

“எத்தனை தலைமுறை ஐயா?”

“எங்க அப்பா காலத்துலேருந்து. அமெரிக்க விதை தம்பி. கென்டக்கி. மிஷனரி அம்மா குடுத்தது.”

முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த விதை இப்போது கொஞ்சம் கனத்திருக்க வேண்டும். சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் எழுதி வைத்திருந்த லேபிளில் கென்டக்கிக்கு இடமில்லை என்று புரிந்தது.

“இங்க வந்து எத்தனை வருஷம் இருக்கும் ஐயா, இந்தக் கொடி?”

“வெள்ளக்காரன் மலை ஏறினதுலேருந்து பீன்ஸ் இருக்கு. அது ஆச்சு நூத்தம்பது வருஷத்துக்கு மேல.”

“அப்ப பாரம்பரியம்தானே ஐயா? நூறு வருஷம் தாண்டினா பாரம்பரியம்னு வச்சுக்கலாம்ல?”

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கில் ஏரி பாரம்பரியம். பேரிக்காய் மரம் பாரம்பரியம். ஒழிக்கச் சொல்கிற யூகலிப்டஸும் பாரம்பரியம். கல் உடைக்க வந்து தங்கிவிட்ட எங்கள் தாத்தாவின் குடும்பமும் இப்போதுதான் நூறைத் தாண்டியிருக்கிறது. எனக்கே சான்றிதழ் கொடுக்க வந்தவனிடம் விதைக்கு மட்டும் மறுக்க மனம் வரவில்லை.

“தாராளமா வச்சுக்க தம்பி” என்றேன். ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மாசிக்கு முன்னால் போடாதே, குழிக்கு நாலு, முடிக்கும்போது வேரைப் பிடுங்காதே, தரையோடு அறு, வேர் முடிச்சில் கொஞ்சமாவது சத்து மண்ணுக்கு மிஞ்சும் என்றேன். பயறு வகையறாவில் பீன்ஸ் சோம்பேறி, ரொம்பச் சேர்த்துக் கொடுக்காது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டான். கடைசியாக, விதைக்கு முன்னால் கம்பி வலை போடு என்றேன்.

“வேண்டாம் ஐயா. இயற்கையோட சேர்ந்து வாழணும்னுதான் இங்க வந்ததே” என்று சிரித்தான்.

சித்திரையில் திரும்ப வந்தான். இன்னொரு கைப்பிடி விதை கிடைக்குமா என்று கேட்டான். கொடுத்தேன். படியிறங்கும்போது நின்று, வெல்டிங் பட்டறைக்காரரின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.